மேட் இன் ஜப்பான்: மூன்று இரவுகள், ஏழு பாடல்கள்

வினைல்வேந்தன்:

நண்பர்களே, இதை ரொம்ப நாளாகக் கேட்க நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிரிட்டிஷ் ராக் குழு டீப் பர்பிளின் 'மேட் இன் ஜப்பான்' நேரடி ஆல்பத்தை எத்தனை தடவை போட்டாலும் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றுகிறது. உலகம் முழுக்க இதைக் கேட்கப்போகிறது என்று நினைத்து வாசித்திருந்தால் இப்படி ஒரு வாசிப்பு கிடைத்திருக்காது.

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1972 ஆகஸ்டில் குழு முதல்முறையாக ஜப்பான் போகிறது. 15, 16 தேதிகளில் ஒசாகா, 17-ஆம் தேதி டோக்கியோவின் புடோக்கான் அரங்கம். மொத்தமே மூன்று கச்சேரிகள். நேரடி ஆல்பம் வேண்டும் என்று கேட்டது அவர்களின் ஜப்பானிய வெளியீட்டு நிறுவனம். அதுவும் அந்த நாட்டுச் சந்தைக்கு மட்டும். குழுவுக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. எங்கள் ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பிர்ச்தான் பதிவு செய்ய வேண்டும், நாங்கள் கேட்டுச் சரி சொன்னால்தான் வெளியே வர வேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் ஒப்புக்கொண்டார்கள். மொத்தச் செலவு சுமார் 3,000 டாலர்தான் என்று சொல்வார்கள்.

இப்படி ஓரமாக நடந்த வேலை, டிசம்பரில் பிரிட்டனிலும் 1973 ஏப்ரலில் அமெரிக்காவிலும் இரட்டை இசைத்தட்டாக வந்து, அமெரிக்கப் பட்டியலில் ஆறாம் இடம் வரை போனது. ஜப்பானில் மட்டும் அதன் பெயர் 'லைவ் இன் ஜப்பான்'.

'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்' பாடலில் கில்லனின் குரலும் பிளாக்மோரின் கித்தாரும் கேள்வி பதிலாக மோதிக்கொள்ளும் இடத்தைக் கேளுங்கள். பிளாக்மோர் ஒரு சின்னத் துண்டை வாசிக்கிறார், கில்லன் அதைத் தொண்டையில் திருப்பித் தருகிறார். அடுத்த துண்டு இன்னும் மேலே. கடைசியில் கித்தார் போன உயரத்தையும் தாண்டிக் குரல் நீண்டு நிற்கிறது. எதிரே இருப்பவன் என்ன செய்வான் என்று தெரியாமல் காத்திருக்கும் இருவரின் விளையாட்டு அது. ஒலிநாடா ஓடுகிறது என்ற நினைப்பே அங்கே இல்லை. நம் மொழியில் மனோதர்மம் என்கிறோமே, எனக்கு அந்தச் சொல்தான் ஞாபகம் வருகிறது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? வெளியூரில், தெரியாத ஒரு கூட்டத்தின் முன்னால் வாசித்ததுதான் இந்த விடுதலைக்குக் காரணமா?

தாளக்கட்டு:

அண்ணா, நான் டிரம்ஸ் வாசிப்பவன். என் காது வேறு பக்கம் போகும், மன்னிக்கவும்.

என்னைப் பொறுத்தவரை இந்த ஆல்பத்தின் முதல் அரை நிமிடமே போதும். 'ஹைவே ஸ்டார்' எப்படித் தொடங்குகிறது பாருங்கள். டிரம்மர் இயன் பேஸ் ஸ்நேர் மேளத்தில் மெல்ல உருட்ட ஆரம்பிக்கிறார், ஆர்கனும் பேஸ் கித்தாரும் ஒவ்வொன்றாக வந்து உட்காருகின்றன, சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. ஸ்டுடியோ ஆல்பமான 'மெஷின் ஹெட்' அதே 1972 மார்ச்சில்தான் வந்தது. ஐந்தே மாதத்தில் அந்தப் பாட்டு வேறு ஆளாகிவிட்டது. வேகம் மட்டும் கூடியிருந்தால் அதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். வேகம் கூடிய பிறகும் பேஸின் கை இறுகவில்லை. அடி ஒவ்வொன்றும் தனியாகக் கேட்கிறது, ஆனாலும் உள்ளே ஒரு ஊஞ்சல் ஆட்டம் இருக்கிறது. ஜாஸ் கேட்டு வளர்ந்தவருக்குத்தான் அப்படி வரும்.

'தி மியூல்' பாடலில் வரும் தனி ஆவர்த்தனம் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ராக் டிரம்மர்களின் தனி வாசிப்பை இன்று கேட்டால் பல இடங்களில் கை அரிக்கும், முன்னே தள்ளிவிடத் தோன்றும். பேஸ் வாசிப்பதை நான் ஒருமுறைகூடத் தள்ளியதில்லை. ஒரு கையால் மட்டும் ஸ்நேரில் உருட்டுகிறாரே, அதைப் பழகவே எனக்கு இரண்டு வருடம் ஆனது. இன்னும் முழுதாக வரவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில்: ஆம் என்றே நினைக்கிறேன். சொந்த ஊரில் வாசிக்கும்போது போன தடவை எப்படி இருந்தது என்று ஒப்பிட ஆள் இருப்பார்கள். இங்கே அந்தச் சுமை இல்லை.

எட்டுத்தடம்:

வினைல்வேந்தன் சொல்வதில் பாதியை ஏற்கிறேன், பாதியை ஏற்க முடியவில்லை. நேரடி ஒலிப்பதிவில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இது தற்செயலாக அமைந்த ஆல்பம் என்ற பேச்சு மார்ட்டின் பிர்ச்சின் உழைப்பை மறைத்துவிடுகிறது. அவரிடம் இருந்தது எட்டுத் தடக் கருவி, அதாவது எட்டு ஒலிகளை மட்டும் தனித்தனியாகப் பதியக்கூடியது. ஐந்து பேர் கொண்ட குழு, அதற்கு மேல் கூட்டத்தின் ஒலி. குரல், கித்தார், ஆர்கன், பேஸ் கித்தார் என்று ஆளுக்கு ஒரு தடம் கொடுத்தால் டிரம்ஸ், கூட்டம் எல்லாவற்றுக்கும் சேர்த்து நான்கே தடங்கள்தான் மிஞ்சும். இன்று டிரம்ஸுக்கு மட்டுமே அதைவிட அதிக மைக் வைக்கிறோம். அப்படியென்றால் முக்கால்வாசிக் கலவையை அங்கேயே, அந்த நொடியிலேயே முடிவு செய்தாக வேண்டும். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்ற வசதி கிடையாது.

அப்புறம், மூன்று இரவுகளிலிருந்து தேர்ந்தெடுத்த ஆல்பம் இது. ஒரே கச்சேரியின் பதிவு அல்ல. 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' முதல் இரவான 15-ஆம் தேதியுடையது. அந்த இரவிலிருந்து எடுத்தது அது ஒன்றுதான். 'தி மியூல்', 'லேஸி' இரண்டும் டோக்கியோ. மீதி நான்கும் 16-ஆம் தேதி ஒசாகா. மிக்ஸிங்கில் பிர்ச்சுடன் உட்கார்ந்தவர்கள் பேஸ் கித்தார் வாசித்த குளோவரும் டிரம்மர் பேஸும்தான். கில்லனும் பிளாக்மோரும் அந்தப் பக்கமே வரவில்லை.

ஆக, மேடையில் விடுதலை இருந்தது உண்மை. அந்த விடுதலையை ஏழு பாட்டாக வடித்து நம் கையில் கொடுத்தது இன்னொரு மேசையில் நடந்த நிதானமான வேலை.

ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். இடது பக்கம் லார்டின் ஆர்கன், வலது பக்கம் பிளாக்மோர், நடுவில் மற்ற மூவர். மேடையில் அவர்கள் நின்ற வரிசையே உங்கள் தலைக்குள் இருக்கிறது. இரண்டு பேரும் எவ்வளவு சத்தமாக மோதினாலும் ஒருவர் மீது ஒருவர் ஏறுவதில்லை. லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனைக் கித்தாருக்கு வைப்பது போல மார்ஷல் ஆம்ப் (ஒலிபெருக்கி) வழியாகக் கரகரவென்று விட்டவர். இரண்டு கருவியும் ஒரே அலைவரிசையில் முட்டிக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருந்தது. பிரித்து வைத்தது பிர்ச்.

நிலாமுகி:

எட்டுத்தடம் சார், ஒரு சந்தேகம். இதில் பின்னால் ஸ்டுடியோவில் எதுவும் சேர்க்கவில்லை என்று எப்போதும் பெருமையாகச் சொல்கிறார்கள். சேர்த்தால்தான் என்ன தப்பு?

ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற மெட்டல் குழுவின் 'அன்லீஷ்ட் இன் தி ஈஸ்ட்' நேரடி ஆல்பம் நினைவிருக்கிறதா? 1979-இல் டோக்கியோவில் பதிவு செய்தது. பாடகர் ராப் ஹால்ஃபோர்டின் குரலை ஸ்டுடியோவில் மறுபடி பாடிச் சேர்த்தார்கள். அவரே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார். 'அன்லீஷ்ட் இன் தி ஸ்டுடியோ' என்று கேலிப் பெயரே உண்டு. ஆனால் 'தி கிரீன் மனாலிஷி' கேட்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அந்தச் சிலிர்ப்பு பொய்யா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தின் லிசி குழுவின் 'லைவ் அண்ட் டேஞ்சரஸ்' நேரடி ஆல்பம் பற்றியும் இதே சண்டை. தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி பெரும்பகுதி ஸ்டுடியோவில் செய்தது என்றார், குழுவினர் மறுத்தார்கள். கேட்கிற எனக்கு அந்தக் கணக்கு எதற்கு? என்னைத் தொட்டதா இல்லையா என்பதுதான் கேள்வி.

கறுப்பிரவு:

நிலாமுகி கேட்டதுதான் சரியான கேள்வி. ஆனால் எனக்கு 'மேட் இன் ஜப்பான்' வேறு. 'சைல்ட் இன் டைம்' பாடலில் கில்லன் படிப்படியாக ஏறிப்போகும் அந்த அலறலை ஒருவர் ஒரே மூச்சில், ஒரு மேடையில், அன்று இரவு பாடினார் என்று தெரிவதுதான் எனக்குச் சிலிர்ப்பு. நாற்காலியில் உட்கார்ந்து ஐந்தாவது டேக்கில் வந்தது என்று தெரிந்தால் அது பாதியாகிவிடும். இதை நியாயப்படுத்த எனக்குத் தெரியாது. அப்படித்தான் உணர்கிறேன்.

எட்டுத்தடம்:

நிலாமுகி, தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் என்ன இழக்கிறோம் என்று சொல்ல முடியும்.

மேடையில் பாடகர் முன்னால் இருக்கும் மைக்கில் அவர் குரல் மட்டும் விழுவதில்லை. பின்னால் இருக்கும் டிரம்ஸ், பக்கத்து ஆம்ப், அரங்கத்தின் எதிரொலி எல்லாம் அதற்குள் வந்து சேரும். டிரம்ஸ் மைக்கிலும் அதே மாதிரி குரலின் சாயல் இருக்கும். நாங்கள் இதைக் கசிவு என்போம். இப்போது குரலை மட்டும் தூக்கிவிட்டு ஸ்டுடியோவில் பாடியதை வைத்தால் இரண்டு காரியம் நடக்கும். பழைய குரலின் நிழல் மற்ற தடங்களில் மங்கலாக நிற்கும். புதிய குரலைச் சுற்றி அந்த அறையின் காற்று இருக்காது. செயற்கை எதிரொலி போட்டு ஓரளவு சமாளிக்கலாம். பெரும்பாலானோருக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் ஐந்து பேரும் ஒரே காற்றில் நிற்கிறார்கள் என்ற உணர்வு மெல்லக் கழன்றுவிடும்.

'மேட் இன் ஜப்பான்' கேட்கும்போது கறுப்பிரவு சொல்லும் அந்த உணர்வுக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவர் கதையை மட்டும் நம்பி உருகவில்லை. அந்தக் கசிவை அவர் காது கேட்கிறது, அதற்குப் பெயர் மட்டும் அவருக்குத் தெரியாமல் இருந்தது.

கில்லன் பாட்டுகளுக்கு நடுவில் மேடை ஒலியைப் பற்றிப் பேசி, எல்லாமே மற்ற எல்லாவற்றையும் விடச் சத்தமாக வேண்டும் என்று கேட்கும் இடத்தையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். வேறு யாராவது தயாரித்திருந்தால் வெட்டியிருப்பார்கள். அங்கே ஒரு மனிதர் தன் வேலை நடக்க வேண்டுமே என்று தவிப்பது தெரிகிறது. எனக்கு அது ஏழு பாட்டுக்கும் சமமான இடம்.

வினைல்வேந்தன்:

எட்டுத்தடம், பிர்ச் விஷயத்தில் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. நான் தற்செயல் என்று நினைத்தது குழுவின் மனநிலையை. பதிவின் தரத்தை அல்ல. அதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் என் முதல் கேள்வியை விடுவதாக இல்லை. அந்நிய மண்ணில் வாசிப்பது ஒரு குழுவுக்கு என்னவோ செய்கிறது. சீப் டிரிக் என்ற அமெரிக்கக் குழுவைப் பாருங்கள். அமெரிக்காவில் அவர்களை அப்போது அவ்வளவாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1978 ஏப்ரலில் புடோக்கானில் மேடையேறினால் அரங்கமே வீறிடுகிறது. அந்தப் பதிவும் ஜப்பானுக்கு மட்டும் என்றுதான் அக்டோபரில் வந்தது. இறக்குமதித் தட்டுகளாக அமெரிக்காவுக்குள் வந்து குவிந்த பிறகுதான் 1979 பிப்ரவரியில் அங்கே வெளியிட்டார்கள். 'ஐ வான்ட் யூ டு வான்ட் மீ' 1977-இல் ஸ்டுடியோ ஆல்பத்தில் இருந்த பாட்டுதான். அதே பாட்டு கூட்டத்தின் கூச்சலோடு சேர்ந்து வந்ததும் அமெரிக்காவில் ஏழாம் இடத்துக்குப் போனது. தன் நாடு கவனிக்காத குழுவை இன்னொரு நாடு அடையாளம் கண்டு திருப்பி அனுப்பியது போல இருந்தது.

ஸ்கார்பியன்ஸ் கதை இன்னும் அழகு. ஜெர்மன் குழு, 1978 ஏப்ரலில் டோக்கியோவின் நாகானோ சன் பிளாசா அரங்கம். கித்தார் கலைஞர் உலி ஜான் ராத் அவர்களுடன் வாசித்த கடைசி ஆல்பமான 'டோக்கியோ டேப்ஸ்' அங்கே பதிவானது. அதில் 'கோஜோ நோ சுகி' என்ற பழைய ஜப்பானியப் பாட்டை ஜப்பானிய மொழியிலேயே பாடுகிறார்கள். 1901-இல் ரென்தாரோ தாகி இசையமைத்தது, அங்கே எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. விருந்தாளி வந்த வீட்டின் மொழியில் இரண்டு வார்த்தை பேசினால் அந்த வீட்டார் முகம் எப்படி மலரும், அந்த மலர்ச்சி தட்டில் பதிவாகியிருக்கிறது.

டீப் பர்பிள் அப்படி எதுவும் செய்யவில்லை. ஜப்பானியர்களுக்காகப் பிரத்யேகமாக ஒன்றும் பாடவில்லை. ஆனால் பாட்டு நடக்கும்போது அந்தக் கூட்டம் எவ்வளவு கவனமாக இருக்கிறது என்று கேளுங்கள். 'சைல்ட் இன் டைம்' தொடங்கும் இடத்தில் ஆர்கன் மட்டும் தனியாக நிற்கிறதே, அங்கே ஒரு இருமல்கூட இடையூறு செய்வதில்லை. அப்படிக் கேட்பவர்கள் கிடைத்தால் மெதுவாக வாசிக்கத் துணிச்சல் வரும். எந்த நொடியும் கூட்டம் கைநழுவிவிடுமோ என்ற பயம் இல்லாத குழு அது.

புதுக்காது:

எல்லாரும் இவ்வளவு சொன்ன பிறகு நேற்றுதான் முதல்முறையாக முழுசாகக் கேட்டேன். முதல் மூன்று பக்கமும் பிரமாதம். நான்காவது பக்கத்தில் 'ஸ்பேஸ் டிரக்கின்' மட்டும் கிட்டத்தட்ட இருபது நிமிடம் ஓடுகிறது. பத்தாவது நிமிடத்துக்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை. பாட்டே காணாமல் போய்விடுகிறது. நான் எதைக் கேட்க வேண்டும்?

தாளக்கட்டு:

தம்பி, முதல் தடவை எனக்கும் அதே கதைதான். ஸ்டுடியோவில் நாலரை நிமிடப் பாட்டு அது. மேடையில் அது வெறும் வாசல். உள்ளே நுழைந்ததும் பாட்டை வாசலிலேயே விட்டுவிடுகிறார்கள்.

அடுத்த முறை கித்தாரைத் தேடாதீர்கள். முதலில் லார்டைப் பின்தொடருங்கள். ஆர்கனில் இருந்து அவர் உறுமல், கீச்சு, மணி ஓசை மாதிரி எல்லாம் எடுப்பார். பேஸும் குளோவரும் அவருக்குத் தரை போட்டுக்கொண்டே போவார்கள். அப்புறம் பிளாக்மோர் வருவார், மெதுவாக, வால்யூமைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு. அது அடங்கி எழும் இடத்தில்தான் அந்த இருபது நிமிடத்தின் உயிர் இருக்கிறது. அதற்காக முன்னால் உள்ள பதினைந்து நிமிடத்தையும் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். குறுக்கு வழி இல்லை.

எட்டுத்தடம்:

நான் தாளக்கட்டு அளவுக்குப் போக மாட்டேன். நடுவில் ஒரு நான்கு நிமிடம் உண்மையிலேயே தளர்வுதான். அரங்கத்தில் இருந்தவர்களுக்குக் கண்ணால் பார்க்க ஏதோ இருந்திருக்கும், நமக்கு ஒலி மட்டும்தான் வருகிறது. அதனால் புதுக்காதுக்குத் தோன்றியது தவறு அல்ல.

'லேஸி'யில் தொடங்குங்கள் என்பேன். அதுவும் பத்து நிமிடத்துக்கு மேல்தான், ஆனால் ப்ளூஸ் அடித்தளம் இருப்பதால் எங்கே நிற்கிறோம் என்று எப்போதும் தெரியும். கில்லன் ஹார்மோனிகா வாசிப்பதும் அதில்தான்.

நிலாமுகி:

அட்டையைப் பற்றி யாரும் பேசவில்லையே? முன்பக்கத்தில் மேடையில் குழு நிற்கும் படம் இருக்கிறதே, அது ஜப்பானில் எடுத்தது இல்லை. லண்டனின் ரெயின்போ தியேட்டர். இது தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. ஜப்பானிய வெளியீட்டில் மட்டும் புடோக்கான் படம் போட்டிருந்தார்கள். ரெயின்போ படத்தில் முன்வரிசைக் கூட்டத்தில் ஒரு பையன் தெரிகிறான். பிற்பாடு டெஃப் லெப்பர்டில் கித்தார் வாசித்த ஃபில் காலன் அது. அதைப் படித்த பிறகு ஏமாற்றம் போய்விட்டது. மேடையைப் பார்த்து நின்ற பையன் ஒருநாள் மேடைக்கே போயிருக்கிறான்.

இன்னொன்று. பிர்ச் பற்றிப் பேசினீர்கள். அவர்தான் பின்னாளில் அயர்ன் மெய்டனின் தயாரிப்பாளர். அந்தக் குழு 1981-இல் நாகோயாவில் பதிவு செய்த குறுந்தொகுப்புக்கு 'மெய்டன் ஜப்பான்' என்று பெயர் வைத்தது இந்த ஆல்பத்துக்கு வைத்த வணக்கம்தானே!

கறுப்பிரவு:

நிலாமுகி, அருமை. நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

புதுக்காது, ஒரு யோசனை. 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' எல்லோருக்கும் தெரிந்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கித்தார் துண்டு) என்பதால் நாம் அதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம். 1971 டிசம்பர் 4-இல் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோவில், அமெரிக்க இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸப்பாவின் கச்சேரியின்போது கசினோ எரிந்ததைப் பற்றிய பாட்டு. ஒசாகாவில் அதை வாசித்தபோது அது உலகப் புகழ் பெற்றிருக்கவில்லை. ரிஃப் தொடங்கும்போது கூட்டம் எப்படிக் கேட்கிறது என்று கவனியுங்கள். இன்று எந்த மேடையில் அதை வாசித்தாலும் முதல் நான்கு சுரத்திலேயே கூரை பறக்கும். இங்கே அது இன்னும் ஒரு புதுப் பாட்டு. கடைசியில் ஆர்கனும் கித்தாரும் மாறி மாறி வாசிக்கும் பகுதி ஸ்டுடியோ வடிவத்தில் இல்லவே இல்லை.

வினைல்வேந்தன்:

இந்த இழையால் நேற்று இரவு தூக்கம் போனது, நல்ல விதத்தில். 2014-இல் மூன்று இரவுகளையும் முழுதாக வெளியிட்டார்கள் அல்லவா, அதில் 'சைல்ட் இன் டைம்' மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டேன். 1993-இல் வந்த மூன்று குறுந்தட்டுத் தொகுப்பு என்னிடம் முன்பே இருந்தது, ஆனால் இப்படி வரிசையாக வைத்துக் கேட்டதில்லை.

எட்டுத்தடம் சொன்னது மூன்றையும் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. மூன்றும் வேறு வேறு. பிளாக்மோர் ஒரே வழியில் இரண்டு தடவை போகவில்லை. ஒரு இரவில் நேராக ஓடுகிறார், இன்னொரு இரவில் பாதியில் நின்று யோசிக்கிறார். தேர்ந்தெடுத்தது 16-ஆம் தேதியை. ஏன் என்று கேட்டதுமே தெரிகிறது. அதில்தான் வாத்தியப் பகுதி வேகம் எடுத்து உச்சத்தில் முறியும்போது ஐந்து பேரும் ஒரே இடத்தில் வந்து விழுகிறார்கள். மற்ற இரண்டில் யாரோ ஒருவர் மயிரிழை முந்திவிடுவதாக என் காதுக்குப் பட்டது. குளோவரும் பேஸும் அதைத்தான் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஆக, வாசித்தவர்கள் யோசிக்காமல் வாசித்தார்கள், தேர்ந்தெடுத்தவர்கள் யோசித்துத் தேர்ந்தெடுத்தார்கள். என் கருத்தை அப்படி மாற்றிக்கொள்கிறேன்.

தாளக்கட்டு:

அண்ணா, அந்த மயிரிழை விஷயத்தை நானும் இன்று சரிபார்க்கப் போகிறேன். எனக்கு நினைவிருக்கும் வரை முந்துவது டிரம்ஸ் இல்லை, அதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு எப்போதும் மனதை அறுக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. இந்த ஐந்து பேரும் இந்த உச்சத்தைத் தொட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை, பிரிந்துவிட்டார்கள். கில்லனும் குளோவரும் வெளியேறினார்கள். மறுபடி ஐவரும் சேர 1984 வரை ஆனது. பிரிவுக்கு முந்தைய கடைசிக் கச்சேரி 1973 ஜூன் 29. எங்கே தெரியுமா? அதே ஒசாகாவில். ஆகஸ்டில் கேட்ட கூட்டத்தில் எத்தனை பேர் அன்றும் வந்து உட்கார்ந்திருப்பார்களோ.

புதுக்காது:

தாளக்கட்டு அண்ணா, இதைப் படித்துவிட்டு நான்காம் பக்கத்தை மறுபடி போட்டேன். லார்டைப் பின்தொடர்ந்தேன். பன்னிரண்டாவது நிமிடம் வரை தொலையவில்லை. மீதியை இன்று இரவு கேட்கிறேன்.